சாம்பல் நிறப் பெட்டிக்குள் மாமி

பெட்டிக்குள்ளிருந்து ஒரு தட்டு கேட்டால் வெளிச்சம் தெரிகிறது, விளக்கை அப்படியே பிடி என்று அர்த்தம். இரண்டு கேட்டால் விளக்கை நகர்த்து. மூன்று கேட்டால் கதவைத் திற. இந்தக் கணக்கை ஏற்படுத்தியவள் நான். உள்ளே உட்கார்ந்து தட்டியவர் மாமி.

மாமிக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். பட்டறையில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் மாறி வருவார். வெள்ளைப் புடவை, நாற்பது வயது இருக்கலாம், ஆனால் உடம்பு மட்டும் பள்ளிக்கூடப் பெண்ணின் உடம்பு. அந்த உடம்பினால்தான் பெட்டிக்குள் சுலபமாக உட்காருகிறார் என்று ஆரம்பத்தில் நினைத்திருந்தேன்.

அறுபதுகளின் நடுவில் திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய தொழிற்சாலை வந்த பிறகு, தஞ்சாவூர் ரோட்டில் அதை நம்பிச் சின்னச் சின்னப் பட்டறைகள் முளைத்தன. எங்களுடையது ஃபைபர் கிளாஸ் பட்டறை. கண்ணாடியை நூலாக இழுத்துப் பாய் மாதிரி செய்து வரும். அதை வெட்டி அச்சின்மேல் பரப்பி, ரெசின் என்கிற பிசினை ஊற்றி, உருளையால் தேய்ப்பார்கள். இறுகிவிட்டால் இரும்பு மாதிரி, துருவும் பிடிக்காது. வெட்டவெளியில் நிற்கிற மின்சாரக் கருவிகளுக்குக் கூடு அதுதான். உருளை சரியாகப் போகாத இடத்தில் காற்று தங்கி ஊசித் துளை விழும். கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒரு மழைக்காலம் அதன் வழியே தண்ணீர் இறங்கினால் போதும், உள்ளே இருக்கும் கருவியும் போச்சு, கருவியைத் தொடுகிற மனிதனும் போச்சு.

எங்கள் அப்பா காந்தி மார்க்கெட்டில் வாழையிலைக் கட்டு விற்கிறவர். எங்கள் வம்சத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். முதலாளியை விட்டால் அந்தப் பட்டறையில் இங்கிலீஷ் வரைபடத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அதை நான் மறைத்துக்கொண்டதில்லை. பேனாவை எல்லோருக்கும் தெரிகிற மாதிரிதான் கையில் வைத்திருப்பேன். மோல்டிங் மேஸ்திரி அந்தோணி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே மாட்டார். “என்ன எஸ்.எஸ்.எல்.சி., மழை வருமான்னு வரைபடத்துல பாத்துச் சொல்லு” என்பார்.

பெட்டிகளை வாங்குகிற கம்பெனி ஒரு நாள் புது நிபந்தனை போட்டது. ஒவ்வொரு பெட்டியையும் உள்ளேயிருந்து வெளிச்சம் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். பெட்டி என் தோள் உயரம் இருக்கும். ஒரு பக்கம் அலமாரி மாதிரிக் கதவு. ஒருவர் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். கதவைச் சாத்தி, வெளியே இன்னொருவர் கம்பிக்கூண்டு போட்ட கைவிளக்கைச் சுவரோடு சுவராக நகர்த்த வேண்டும். பிசினில் சாம்பல் சாயம் கலந்திருப்பதால் உள்ளே நல்ல இருட்டு. துளை இருந்தால் நட்சத்திரம் மாதிரி மின்னும். உள்ளே இருப்பவர் அதைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போடுவார். அப்புறம் அந்தோணி பிசின் வைத்து அடைப்பார்.

அன்று ஒருத்தரும் உள்ளே போகச் சம்மதிக்கவில்லை. “உசிரோட பொட்டிக்குள்ள போறதுக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?” என்று அந்தோணி நெற்றியிலும் தோளிலும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் வரைபடத்தைப் பார்த்தேன்.

மூலையில் கண்ணாடிப் பாய் வெட்டிக்கொண்டிருந்த மாமி கத்தரியைக் கீழே வைத்தார்.

“நான் உக்காந்துக்கறேனே. நேக்குப் பழக்கம்தான்.”

பழக்கம் என்று சொன்னாரே, என்ன பழக்கம் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஆள் கிடைத்த நிம்மதி எங்களுக்கு.

அன்றிலிருந்து நான் வெளியே, மாமி உள்ளே. விளக்கை நகர்த்திக்கொண்டே போவேன். இரண்டு தட்டு, இரண்டு தட்டு, இரண்டு தட்டு, சட்டென்று ஒன்று. சாக்பீஸ் உரசும் சத்தம். கொஞ்சம் பொறுத்து மூன்று. கதவைத் திறந்தால் பெருமாளைச் சேவித்துவிட்டு வருகிற முகத்தோடு மாமி வெளியே வருவார்.

“இருந்ததுடி. அந்த மேல் மூலைல, குங்குமப்பூ நுனியாட்டம் ஒண்ணு. என்ன அழகா இருந்தது தெரியுமோ?”

“துளை இருந்தா நமக்கு நஷ்டம் மாமி. அதுல என்ன அழகு?”

“ஒண்ணாவது இருக்கும்டி. ஒண்ணுகூட இல்லாம எப்படி இருக்கும்?”

இந்தப் பேச்சை நாங்கள் எல்லோரும் சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டோம். பரிசோதனை செய்கிறவர் குறை இல்லாத பெட்டியைத் தேட வேண்டும். எங்கள் மாமி குறையைக் கண்டால் பூரித்துப்போகிறார் என்று அந்தோணி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு தடவை எனக்குக் காய்ச்சல் வந்து நாலைந்து நாள் போகவில்லை. மாமி விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். எங்களுடையது கீற்றுக் கொட்டகை. அம்மா பதறிப்போய்ப் பாய் போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்தாள். மாமி இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் அண்ணாந்து கூரையையே பார்த்தார். பழைய கீற்று, பொத்தல் பொத்தலாக வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

“உங்காத்துல எவ்வளவு இருக்கு!” என்றார் மாமி. “குடுத்து வெச்சவா நீங்க.”

அவர் போன பிறகு அம்மா சண்டைக்கு வந்துவிட்டாள். “கூரையைப் பாத்தா நக்கல் பண்ணிட்டுப் போறா உங்க மாமி? நீ படிச்சு சம்பாதிச்சு முதல்ல ஓடு மாத்துடி.” எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் மாமி கிண்டல் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கூரையை அவர் பார்த்த பார்வையில் ஆசை இருந்தது. கிண்டலாக இருந்திருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

சாப்பாட்டு வேளையில் தள்ளி உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவார். ஒரு நாள் நானாகக் கேட்டேன்.

“உள்ள உக்காந்திருக்க பயமா இல்லியா மாமி?”

“பதினேழு வயசுல ஒரு வருஷம் உக்காந்திருக்கேன். அவர் போனப்புறம் வருஷாப்தீகம் ஆற வரைக்கும் வெளில வரப்படாது, யார் கண்ணுலயும் படப்படாதுன்னு ஒரு ரூம்ல விட்டுட்டா. ஜன்னல் கிடையாது. ஒரு ஓடு உடைஞ்சிருந்தது. அது வழியா ஒரு புள்ளி வரும்.” ஆள்காட்டி விரலின் நகத்தைக் காட்டினார். “இத்தனூண்டு. கார்த்தால சுவத்துல இருக்கும். மெள்ள இறங்கி மத்தியானம் என் காலண்ட வரும். நான் காலை நீட்டி அதைத் தொட்டுண்டிருப்பேன். அதான் எனக்கு மனுஷா, அதான் எனக்குக் கடியாரம்.”

“பாவம் மாமி நீங்க.”

“மழைக்கு முன்னாடி அந்த உடைஞ்ச ஓட்டை மாத்திட்டா.”

“ஐயையோ. அப்புறம்?”

மாமி பாத்திரத்தை மூடினார். “அப்புறமும் வந்துண்டுதான் இருந்தது” என்றார்.

சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய்விட்டார். நான் வெயிலில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தோணியின் கை தேறத் தேற எங்களுக்குக் கஷ்டம் ஆரம்பித்தது. மாமியிடம் தோற்றுக்கொண்டே இருக்க அவருக்கு மனசில்லை. உருளையை மாற்றினார், பிசினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பார்த்தார், ஆள்களைத் திட்டித் திட்டி வேலை வாங்கினார். துளைகள் குறைந்துகொண்டே வந்தன. துளை குறையக் குறைய, மாமி உள்ளே இருக்கும் நேரம் கூடியது. நான் எல்லாப் பக்கமும் விளக்கைக் காட்டி முடித்திருப்பேன். உள்ளிருந்து மறுபடியும் இரண்டு தட்டு. காட்டியதையே திரும்பக் காட்ட வேண்டும். கடைசியில் கதவு விளிம்பு ரப்பரில் ஒரு மயிரிழை வெளிச்சம் கிடைக்கும். அப்போதுதான் மூன்று தட்டுவார். வெளியே வரும்போது கண் சிவந்து, நடை தள்ளாடும்.

எங்களுக்குப் பயம் அந்த வாடையினால்தான். புதுப் பெட்டியில் பிசின் வாடை நெடியாக இருக்கும். மூடிய இடத்தில் அதை முகர்ந்தால் தலை சுற்றும், மயக்கம் வரும். அதற்கு முந்தின வருஷம் பக்கத்துப் பட்டறையில் தொட்டிக்குள் இறங்கித் தேய்த்த ஒரு ஆளைத் தூக்கிக்கொண்டுதான் வெளியே வந்தார்கள். அதனால் பெட்டியை வெயிலில் திறந்து போட்டு வாடை போன பிறகுதான் மாமியை உள்ளே விட வேண்டும் என்பது அந்தோணியின் சட்டம்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், அவர் தட்டாமலே நான் கதவைத் திறந்தேன். மாமி பின்சுவரில் சாய்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவு வழியாக வெயில் அவர் மடி முழுக்க விழுந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. பக்கச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமி, வெளிச்சம்தான் வந்துடுச்சே. வாங்க.”

“இது கதவு” என்றார். என்னைத் தெரிந்தவர் குரல் மாதிரி இல்லை. “இது இல்ல. மூடு.”

மூடினேன். ஏன் மூடினேன் என்று சொல்லத் தெரியவில்லை. அன்று கடைசியில் ஒரு திருகாணி ஓட்டையில் கிடைத்து வெளியே வந்தார். என்னிடம் சகஜமாகப் பேசிக்கொண்டு பஸ் ஏறினார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் அந்தோணி அந்தப் பெட்டியைச் செய்தார். காலையில்தான் அச்சிலிருந்து எடுத்தார்கள். அதைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, “மாமி, இன்னிக்கு உங்களுக்கு ஒண்ணும் கெடைக்காது. மாதா மேல சத்தியம்” என்றார். மாமி சிரித்துக்கொண்டே கூந்தலை முடிந்துகொண்டார்.

“சார், வெயிலே இல்ல. வாடை போகல. நாளைக்கு வெச்சிக்கலாம்” என்று அந்தோணியே முதலாளியிடம் சொன்னார்.

“சாயங்காலம் கம்பெனி ஆளுங்க வர்றாங்கய்யா. மழைய நான் நிறுத்தவா?”

மாமி அதற்குள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

நான் விளக்கை எடுத்தேன். நான்கு சுவர், மேல் தட்டு, அடி விளிம்பு, கதவு ரப்பர், திருகாணிகள். இரண்டு தட்டு, இரண்டு தட்டு. மறுபடியும் ஆரம்பத்திலிருந்து. தட்டும் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

கதவைத் திறந்தேன். நெடி முகத்தில் அறைந்தது. மாமியின் உதடு வெளுத்திருந்தது. தலை தானாக ஆடியது. உள்ளே கருவி மாட்டுவதற்காகப் பொருத்திய இரும்புச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“மாமி, போதும். வெளிய வாங்க.”

“இருக்கும்” என்றார். நாக்கு குழறியது.

“கையப் பிடிச்சு இழும்மா!” என்று முதலாளி பின்னால் நின்று கத்தினார். அவரும் தொடவில்லை, அந்தோணியும் தொடவில்லை. ஸ்ரீரங்கத்து வீட்டுப் பெண், தாலியறுத்தவர். அவரை எப்படித் தொடுவது என்று அத்தனை ஆண்களும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். நான் குனிந்து மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். அது ஜில்லென்று, கண்ணாடித் தூளோடு இருந்தது. அந்தச் சின்ன உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. சட்டத்தை விடவே இல்லை. என் கைதான் வழுக்கிக்கொண்டு வந்தது. ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். கதவைத் திறந்து வைத்தும் நெடி குறையவில்லை. போய்ச் சொல்லி அழைத்து வருவதற்குள் இவர் மூச்சு தாங்காது என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

“அண்ணே” என்றேன் அந்தோணியிடம். “ஒரு தொளை போடுங்க.”

“எதுல?”

“இதுலதான். ஒண்ணு கெடைச்சா அவங்களே வந்துடுவாங்க. இல்லன்னா வரமாட்டாங்க.”

அவர் பெட்டியைப் பார்த்தார். அதன் அடியில் ஈரம் காயும் முன்பே சின்னதாக ஒரு சிலுவை கீறி வைத்திருந்தார். “என் ஆயுசுலயே ஒரே ஒரு நல்ல பொட்டி செஞ்சேன், எஸ்.எஸ்.எல்.சி.” என்றார். போய்க் கை டிரில்லை எடுத்து, இருப்பதிலேயே மெல்லிய பிட்டைப் பூட்டிக்கொண்டு வந்தார்.

“கதவ ஏன் மூடற?” என்று முதலாளி அலறினார்.

“இருட்டா இருந்தாத்தான் சார் தெரியும்.”

சொல்லிவிட்டு அந்தக் கதவை மாமியின்மேல் சாத்தினேன். பிட் மாமியின் தலையில் படாதபடி மேல் மூலையைத் தொட்டுக் காட்டினேன். நான் அங்கே விளக்கை நெருக்கிப் பிடித்தேன். அந்தோணி சுழற்ற ஆரம்பித்தார். சாம்பல் தூள் உதிர்ந்தது. கிர்ர்ரென்ற சத்தத்தைத் தவிர மழைச் சத்தம்தான்.

உள்ளிருந்து ஒரு தட்டு கேட்டது.

அந்தோணி நிறுத்தினார். பிட்டை வெளியே எடுத்துப் பார்த்தார். பாதிச் சுவர்கூடத் தாண்டவில்லை.

“இன்னும் தொளை விழலியே” என்றார் மெதுவாக.

சாக்பீஸ் உரசும் சத்தம் கேட்டது. அந்தோணிக்கு என்ன தோன்றியதோ, வெறி பிடித்தவர் மாதிரி மறுபடி சுழற்றினார். பிட் உள்ளே புகுந்தது. அவர் அதை இழுத்தார். நான் விளக்கைத் துளையின்மேல் வைத்தேன். அதற்கு உள்ளிருந்து தட்டு எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, நிதானமாக, மூன்று தட்டு.

மாமி தானாகவே எழுந்து வந்தார். இரண்டு எட்டு வைத்து உட்கார்ந்துவிட்டார். வாந்தி எடுத்தார். முகத்தில் தண்ணீர் தெளித்துக் காற்றாட வைத்த பிறகு கண் தெளிந்தது. அந்தோணியைப் பார்த்து, “கோச்சுக்காதீங்கோ. அதுலயும் ஒண்ணு இருந்தது” என்றார். மாமியின் மைத்துனர் மழையில் நனைந்துகொண்டு வந்து அழைத்துப் போனார்.

அதோடு வெளிச்சப் பரிசோதனையை முதலாளி நிறுத்திவிட்டார். கம்பெனியில் பேசி, பெட்டியின்மேல் தண்ணீர் பாய்ச்சிப் பார்ப்பது என்று ஏற்பாடு. மாமி ஒரு நாள் வந்து இதைக் கேட்டுக்கொண்டார். ரப்பர் ஒட்டும் வேலை தருவதாக முதலாளி சொன்னார். “அதுல என்ன இருக்கு?” என்று மட்டும் கேட்டுவிட்டு, அப்புறம் வரவே இல்லை. ஒரு முறை ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் தேடிப் போனேன். வாசலில் நின்ற பெண், “உள்ள இருக்கா. பார்க்க முடியாது” என்றாள். எந்த உள்ளே என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்று பெட்டிகளுக்குப் பாஸ் போடுகிற கையெழுத்து என்னுடையது. அப்பா அந்தக் கையெழுத்தைப் பார்ப்பதற்காகவே மார்க்கெட்டிலிருந்து ஒரு தடவை வந்தார். வீட்டுக்கும் ஓடு போட்டாயிற்று.

ஆனால் மாமியை நினைத்தால் எனக்கு ஞாபகம் வருவது, அந்த மழை நாளில் அவர் போன பிறகு நடந்தது. துளையை அடைக்க அந்தோணி பிசின் கலந்துகொண்டிருந்தார். நான் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். மேல் மூலையில் அந்தோணி போட்ட துளை இருந்தது. அதைச் சுற்றி வட்டம் இல்லை. வட்டம் கீழே, பக்கச் சுவரில், தரையோடு இருந்தது. உட்கார்ந்து காலை நீட்டினால் பெருவிரல் தொடுகிற இடம்.

அந்தோணி வெளியிலிருந்து அந்த இடத்தைத் தடவினார், நகத்தால் சுரண்டினார், விளக்கை வைத்துத் தேய்த்தார். “கல்லு மாதிரி இருக்கு. இங்க எதுவும் இல்ல.”

“நான் உள்ள போய்ப் பாக்கறேன். ஒரே நிமிஷம். மூடுங்க.”

முதல் முறையாக உள்ளே போய் உட்கார்ந்தேன். கதவு மூடியது. மேல் மூலையில் அந்தோணியின் துளை பளிச்சென்று நட்சத்திரமாக இருந்தது. கீழே வட்டம் இருக்கும் பக்கம் இருட்டு. மாமி விட்டுப்போன சாக்பீஸ் துண்டு கையில் தட்டுப்பட்டது. எடுத்துக்கொண்டேன். இங்கே எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு மூன்று தட்டிவிட வேண்டியதுதான். உறுதியாகத் தெரியட்டும் என்று இன்னும் கொஞ்சம் பார்த்தேன். காலை நீட்டினேன்.

அப்போது வெளியிலிருந்து யாரோ தட்டினார்கள். அவசரமாக, நிறுத்தாமல். வெளியிலிருந்து தட்டுவதற்கு எங்களிடம் கணக்கு எதுவும் இல்லை. இதற்கு என்ன அர்த்தமாக இருக்கும் என்று யோசித்தபடி, கண்ணை அங்கிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.